மிராசுதாரின் சோக் குமிழ்

நான் சொல்வதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் கார் கிளம்பாமல் போகட்டும். என்னிடம் கார் இல்லை, அது வேறு விஷயம்.

மிராசுதார் வைத்திலிங்கத்திடம் இருந்தது, ஒரு பழைய அம்பாசிடர். காலையில், குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் டாஷ்போர்டு சோக் குமிழை முக்கால் அங்குலம் இழுத்தால்தான் உறுமும். அந்த அளவு தன் கைக்கு மட்டுமே தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார்.

ஒருநாள், தன் இடத்தில் வாடகைக்குப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் சவரிமுத்துவைக் கூப்பிட்டார். “கார்புரேட்டரைக் கடாசிட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டுடா. ஆனா நான் சோக்கை இழுத்தாத்தான் கிளம்பணும். இல்லேன்னா பட்டறையைக் காலி பண்ணிடு.”

“இன்ஜெக்‌ஷனுக்கு சோக்கே கிடையாதுங்களே, ஐயா. பெட்ரோல் அளவை கம்ப்யூட்டரே பாத்துக்கும்.”

“எனக்கே பாடமா?”

“சரிங்க ஐயா. குமிழ் இருந்த இடத்துலயே இருக்கும்.”

ஒரு மாதம் வண்டி குதிரையாக ஓடியது. மிராசுதார் டீக்கடை வாசலில் கூட்டத்தைக் கூட்டி, சவரிமுத்துவையும் வரவழைத்து, சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பிக் காட்டினார். “பாத்தீங்களா? சோக் வேண்டாம்னான் இந்த மடையன். என் கைதான் கிளப்புது! பட்டறையை வேற ஆளுக்குக் கொடுக்கப் போறேன்.”

“கொடுங்க ஐயா,” என்றான் சவரிமுத்து. “அதுக்கு முன்னால குமிழை இன்னும் கொஞ்சம் இழுங்க.”

இழுத்தார். குமிழ் கையோடு வந்துவிட்டது. பின்னால் நாலு விரல் நீளக் கம்பி, அதன் நுனியில் ஒரு பேனா ஸ்பிரிங். அவ்வளவுதான். இஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு மாசமா ஐயாவோட கைப்பக்குவமெல்லாம் இந்த ஸ்பிரிங்குக்குத்தான் போச்சு.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் டீக்கடைக் கூரையில் நாலு கீற்று பறந்தது. பட்டறையைக் காலி செய்யும் பேச்சும் அதோடு பறந்தது. மறுநாள் மிராசுதார் ஆளனுப்பினார்: குமிழைத் திரும்ப மாட்ட வேண்டுமாம். ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் உறுதியானதாக இருக்கட்டுமாம்.