தலையில்லாத பாட்டு

"அம்மா, தலையே இல்லாத பாட்டை எந்த எழுத்தில் வைப்பது?"

கேட்டவர் சீடர் வைத்திலிங்கம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். குரு பிலோமினாவுக்கு அவர் வயதில் பாதி.

மலைமேல் இருந்த அந்த நூலகத்தில், நானூறு வருஷத்துக்கு முந்திய ஆங்கிலப் பாட்டுகள் கையெழுத்துத் தாள்களாகக் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. அந்தக் காலத்து ஆட்கள் பிடித்த பாட்டைத் தங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். ஒரே பாட்டு பல வீடுகளில் இருக்கும். பாட்டை இயற்றியவன் பெயர்தான் எங்கேயும் இருக்காது. அதனால் இருவரும் தயாரித்த அட்டவணையில் முதல் வரியைக் கொண்டுதான் வரிசை. நம் பழம்புத்தகங்களின் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு இருக்குமே, அது மாதிரி.

வைத்திலிங்கம் நீட்டிய தாளின் மேல்பாதியைப் பூச்சி தின்றிருந்தது. மிச்சம் பாதி வரியில் தொடங்கியது:

'...ஆனாலும் விளக்கை அணைத்துவிடாதே.'

"நாளைக்கு அட்டவணை அச்சுக்குப் போகிறது. இடம் கிடைக்காவிட்டால் இது திரும்பப் பெட்டிக்குள். அப்புறம் யார் திறக்கப் போகிறார்கள்? நானே கண்டெடுத்தது அம்மா, மனசு கேட்கவில்லை."

"யோசியுங்கள் சார்," என்று சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது சீடரின் முகம் ஜொலித்தது. கோடிட்ட இடத்தைக் கண்டால் நிரப்பாமல் தூங்காத மனுஷர் அவர்.

"முதல் வரி தயார்! 'ஓ வசந்தமே, என் கண்ணீரின் கதை கேளாய்!' அந்தக் காலத்து ஆங்கிலத்திலேயே போட்டுவிட்டேன். 'ஓ' வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது."

பிலோமினா நெஞ்சில் கை வைத்து, மூக்கால் பேசும் துரையாக மாறினாள்.

"ஓஓஓ... வசந்தமேஏஏ!"

வைத்திலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நொடி அவள் வாயருகே கையைக் குவித்தாள். அவள் குரலில் தேர்த்திருவிழா மைக் கரகரத்தது.

"ஹலோ... ஹலோ... பக்தகோடிகளின் கவனத்திற்கு! காணாமல்போன சிறுவன் ஒருவன் மேடையில் இருக்கிறான். பெயர் சொல்லத் தெரியவில்லை. பட்டு வேட்டி, ஜரிகைத் தலைப்பாகை, நெற்றியில் சந்தனம்! பெற்றோர் உடனே வரவும்!"

"யார் வீட்டு ராஜகுமாரன்?"

"ராஜகுமாரனெல்லாம் இல்லை சார். கிழிந்த சிவப்புச் சட்டை, ஒற்றைச் செருப்போடு அழுதுகொண்டு வந்த பிள்ளை. பார்க்கச் சகிக்காமல் மேடையில் இருந்த நல்ல மனுஷர் ஒருத்தர் புதுசு உடுத்திவிட்டார்."

"அடப் பாவி! பெற்றவள் கூட்டத்தில் சிவப்புச் சட்டையை அல்லவா தேடிக்கொண்டு..."

வைத்திலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தாளை மறுபடி கையில் எடுத்தார்.

"அம்மா... இந்தப் பாட்டை முழுசாக எழுதிவைத்த நோட்டு எங்கேயாவது இருக்குமா?"

பிலோமினா தாழ்வாரமே அதிரும்படி ஒரு தாயின் குரலில் கத்தினாள்.

"அடேய் கண்ணா! இன்னொரு செருப்பு என் கையில இருக்குடா!"

அவர் ரப்பரை எடுத்தார். வசந்தம் போயிற்று, கண்ணீரும் போயிற்று. அட்டவணையின் கடைசியில் 'தலை கிடைக்கவில்லை' என்று தனித் தலைப்பு எழுதினார். அடுத்து மூன்று புள்ளிகள். அந்த இடத்தை நிரப்பப் பென்சில் சற்றுத் துடித்தது. அடக்கிக்கொண்டு, கிழிந்த வரியைக் கிழிந்தபடியே எழுதினார்.

பிறகு தொண்டையைக் கனைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, வாயருகே கையைக் குவித்தார்.

"ஹலோ... ஹலோ... ஆனாலும் விளக்கை அணைத்துவிடாதே..."