எரியாத பல்பு

"நாற்பத்தொரு கடிதம் போட்டாச்சு டீச்சர். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கல."

பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. தூத்துக்குடி உப்பளங்களில் மோட்டார் மெக்கானிக். மின்வேதியியல் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கல்லூரிப் பேராசிரியை சகாயமேரி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீர் ஒரு பக்கம். நல்ல தண்ணீர் மறுபக்கம். நடுவே மெல்லிய சவ்வு. அந்தப் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தார் பொன்னுரங்கம். அவர் கொட்டகையில் ஒரு சின்ன பல்பு ஆறு மாதமாக எரிந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு மின்துறை அமைச்சர் வர்றார். அவரோட உதவியாளர் உங்ககூடப் படிச்சவராமே. ரெண்டு நிமிஷம் வாங்கிக் குடுங்க. இதையும் விட்டா, எனக்கப்புறம் அந்தப் பெட்டி காயலான் கடைக்குத்தான் போகும்."

சகாயமேரியின் அறையில் அவர் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

சகாயமேரி போனை எடுத்து, உதவியாளருக்குச் செய்தி அனுப்பினார்.

"பதிலே வரலையா அண்ணாச்சி? ஒண்ணுகூட?"

"பெரிய இடத்துல இருந்து வரல."

"சின்ன இடத்துல இருந்து?"

பொன்னுரங்கம் நடப்பதை நிறுத்தினார்.

"வேதாரண்யத்துல ஒரு லைன்மேன். பத்திரிகையில நான் எழுதினதைப் பார்த்து, அதே மாதிரி பெட்டி செஞ்சானாம்."

"எரிஞ்சுதா?"

"இல்லையாம். எங்க தப்புன்னு கேட்டிருந்தான்."

"என்ன எழுதினீங்க?"

"எழுதல. அமைச்சருக்கு எழுதிக்கிட்டிருந்தேன். ஒரு லைன்மேன் என்ன செஞ்சிட முடியும் டீச்சர்?"

"ஏன் எரியல?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார்.

தண்ணீரா? சவ்வா? கம்பியா?

அவருக்குத் தெரியவில்லை. அங்கே ஏன் எரியவில்லை என்று தெரியாது. அப்படியானால், இங்கே ஏன் எரிகிறது?

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போன் அடித்தது. உதவியாளர்தான்.

"நாளைக்குக் காலைல பத்து மணி. ரெண்டே நிமிஷம். உங்க ஆள் வர்றாரா?"

சகாயமேரி போனைப் பொன்னுரங்கத்திடம் நீட்டினார்.

அவர் அதை வாங்கவில்லை.

"டீச்சர், வேதாரண்யத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"