தேக்குப் பெட்டியும் மெலிசுப் பெட்டியும்

“எதை வாங்கட்டும், டீச்சர்?” என்று கேட்டார் சவரியப்பன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. டீச்சர் கனகாம்பிகைக்கு முப்பதுகூட நிறையவில்லை. பிலிம் கேமராவில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க அந்த மலையூரில் அவள் ஒருத்திதான்.

டீச்சர் மேசைமேல் விற்பனைக்கு இரண்டு கேமரா. இரண்டுமே மலைத்தொடரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நீளப் பிலிமில் பிடிக்கிறவை. ஒன்று தேக்குப் பெட்டி. தூக்கினால் தோள் கழன்றுவிடும். மற்றது மெலிசு. பிறந்த பிள்ளை கனம்தான்.

“தேக்குன்னா என் முட்டி தாங்காது. மெலிசுன்னா மலைக்காத்துல ஆடி, படம் கலங்கிரும்கிறாங்க. குறிஞ்சி உதிர இன்னும் நாலு நாள்தான். அடுத்த பூப்புக்குப் பன்னெண்டு வருசம். அப்ப நான் எங்க இருப்பேனோ?”

“இங்கதான். எதை வாங்கட்டும்னு கேட்டுக்கிட்டு நிப்பீங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“உங்களால எதைத் தூக்க முடியுது?”

மெலிசைத் தூக்கினார்.

“அப்ப அதோட கிளம்புங்க.”

“காத்து?”

“மேல போய்ப் பார்ப்போம்.”

ஏறினார்கள். மூன்று இடத்தில் அவர் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டார்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மூன்றுகால் ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். பின்பக்கக் கண்ணாடியில் மலை நடுங்கிக்கொண்டிருந்தது.

“போச்சு! தேக்கையே எடுத்திருக்கணும்.”

டீச்சர் தன் சால்வையை அவிழ்த்துத் தரையில் விரித்தாள்.

“கல்லு பொறுக்குங்க.”

“எதுக்கு?”

“பொறுக்குங்கய்யா.”

பொறுக்கினார். அவள் மூட்டையாகக் கட்டி ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிட்டாள். வேர் விட்டதுபோல் நின்றது ஸ்டாண்டு.

அவர் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். “இம்புட்டுக் கனமா?”

“கீழேயிருந்தா தூக்கிட்டு வந்தோம்?”

மறுபடி துணிக்குள் போனார்.

கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். வானம் அடியில் கிடந்தது. அதன்மேல், முனைக்கு முனை, நீல மலை தொங்கியது. மடிப்புக்குப் பின்னால் மடிப்பு, அதற்குப் பின்னாலும் மடிப்பு. மலை ஒரு துளி அசையவில்லை.

நாற்பது வருசம் பால்வண்டி ஓட்டி இதன் அடிவாரத்திலேயே போய்வந்தவர் அவர். துணிக்குள் நின்றபடியே, தன்னை அறியாமல், செருப்பைக் கழற்றினார்.

வெகுநேரம் வெளியே வரவில்லை.

“ஐயா, இருக்கீங்களா?”

வெளியே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிலிமைச் செருகி, அதை மறைத்த மூடியை உருவினார். படம் எடுக்கிற கம்பியைப் பிடித்தார். பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது.

நிமிர்ந்து பார்த்தால், சரிவு முழுக்க லட்சம் பூ காற்றில் அலையாய்ப் புரள்கிறது.

“டீச்சர், பூவெல்லாம் ஆடுதே!”

“அது ஆடட்டும்” என்றாள் அவள். “நீங்க ஆடாதீங்க.”