கைக்கு எட்டாத சுவிட்ச்

வேங்கைமலை சமஸ்தானத்து அரண்மனையில் முதன்முதலாக மின்சார விளக்கு எரிந்தபோது ஜனங்கள் விளக்கைப் பார்த்து வியந்தார்கள். சட்ட மந்திரி அம்பலவாணரோ தன்னைப் பார்த்தே வியந்துகொண்டார். மின்சாரச் சட்டத்தை எழுதியவர் அவர்தானே! கம்பி என்றால் என்ன, விளக்கு என்றால் என்ன, சுவர் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருந்தார். இனி ஒருத்தனும் குதர்க்கம் பேச முடியாது என்று நினைப்பு. ஆள் படு குள்ளம். ஆனால் அந்த வாரம் முழுக்க அரையடி உயர்ந்தே நடந்தார்.

அப்புறம் ஒருநாள் காலையில் சமையற்கட்டில் கம்பி புகைந்தது. சமையல்காரி முத்தரசி மெயின் சுவிட்சை அணைக்க ஓடினாள். எட்டவில்லை. ஆட்டுக்கல்லின் மேல் ஏறினாள். அப்போதும் எட்டவில்லை. விறகுக் கட்டையைத் தேடி எடுத்துத் தட்டுவதற்குள் அரிசி மூட்டைகள் எரிந்து, அவள் கையும் வெந்துபோனது.

சபை கூடியது. இஞ்சினியர் ரங்கபாஷ்யம் எழுந்தார். அம்பலவாணரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராஜா, நேரத்தில் அணைக்காத இவளை வேலையை விட்டு நீக்க வேண்டும்."

"ஆட்டுக்கல் மேல ஏறியும் எட்டலையே சாமி!" என்று அழுதாள் முத்தரசி.

"அத்தனை உயரத்தில் வைத்தது யார்?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"தாங்கள்தான்! 'மெயின் சுவிட்ச் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.' தாங்கள் எழுதிய சட்டம். யாருடைய கை என்று சொல்லவில்லையே? அரண்மனைச் சட்டத்தில் கை என்றால் மகாராஜாவின் கைதான். அதற்கு ஏற்றபடி வைத்தேன்."

மகாராஜா ஆறடிக்கு மேல். மீசையைத் தடவிக்கொண்டார்.

"என்ன ஓய், சுவருக்கெல்லாம் விளக்கம் எழுதினீர். கையை விட்டுவிட்டீரே?"

"எல்லாருக்கும் இருக்கிறதே, தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன் மகாராஜா. மூளையைப் பற்றியும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் மூளையையும் சேர்த்து."

சபை சிரித்தது. அழுதுகொண்டிருந்த முத்தரசியைப் பார்த்ததும் அம்பலவாணருக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டம் சொல்வது மகாராஜாவின் கையை இல்லை என்றால் தன் தலை போகும். ஆமாம் என்றால் இவள் பிழைப்பு போகும்.

"இஞ்சினியர் சொல்வதே சரி" என்றார் மெதுவாக. "மகாராஜாவின் கைதான். ஆனால் சுவிட்சை ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்தார்? மகாராஜாவின் கை எட்டாத இடம் இந்தச் சமஸ்தானத்தில் உண்டா? மலையுச்சியில் அல்லவா வைத்திருக்க வேண்டும்!"

ரங்கபாஷ்யம் பதறினார். "அது பேச்சுக்குச் சொல்வது ஐயா! நான் சொல்வது சுவிட்சைத் தட்டுகிற கை."

"அப்பாடா! தட்டுகிற கை என்று நீரே சொல்லிவிட்டீர். நான் விளக்கம் எழுதாமல் விட்ட சொல்லுக்கு அதுதான் பொருள். அந்த இடத்தில் அந்த வேலையைச் செய்கிறவர் என்ன புரிந்துகொள்வாரோ அது. சமையற்கட்டில் புளிக்குழம்பு வைக்க மகாராஜாவா போகப்போகிறார்?"

மகாராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முத்தரசிக்கு வைத்தியமும் வேலையும் உறுதியாயின. சுவிட்சை இறக்கும் வேலை ரங்கபாஷ்யத்தின் தலையில் விழுந்தது.

"அம்பலவாணரே, உமக்கும் ஒரு மரியாதை செய்ய வேண்டும்" என்றார் மகாராஜா. " நம் ராஜ்யத்தில் உம்மைவிடக் குள்ளமான ஆள் இல்லை. உமக்கு எட்டினால் எல்லாருக்கும் எட்டும். இனி எங்கே சுவிட்ச் வைத்தாலும் நீர் போய்க் கையைத் தூக்கிக் காட்டும். அதுதான் அளவு!"

அன்றிலிருந்து அம்பலவாணர் ஊர் ஊராகப் போய், சுவர் சுவராகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். யாராவது விசாரித்தால் சொல்வார்:

"சட்டம் எழுதுகிற கை என்று பேர் வாங்க ஆசைப்பட்டேன். கையே சட்டமாகிப் போச்சு!"