தொப்பி போன தூரம்

தொண்டிப் பக்கம் ஒரு ரிசார்ட். கயாக் படகுகளை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குவது பிலோமியின் வேலை. ஒருநாள் முதலாளி தணிகாசலம் பட்டுச் சட்டையும் தொப்பியுமாக வந்து நின்றார். கயாக்கில் போவதுபோல் விளம்பரப் படம் எடுக்கணுமாம்.

பிலோமி லைஃப் ஜாக்கெட்டை நீட்டினாள்.

"அதைப் போட்டா சட்டை எப்படித் தெரியும்? கடல் குளம் மாதிரிக் கெடக்கு. படகைத் தள்ளு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரிங்க முதலாளி. தொப்பியைக் குடுங்க."

தொப்பியை இருக்கையில் செருகி, படகில் நீளக் கயிறு கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் படகைத் தள்ளிவிட்டாள். கரையிலிருந்து வீசிய கச்சான் காற்று அதை அள்ளிக்கொண்டு போனது. முப்பது பாகக் கயிறும், நூற்றெண்பது அடியும், விறைத்து நின்றது.

"ஏய், என் தொப்பி!"

"கயிறு இருக்கு, இழுத்தா வந்துரும். கரைக்காத்துல கரையோரம் அலை எழும்பாது முதலாளி, அதான் குளமாத் தெரியுது. தொப்பிக்கே கயிறு வேண்டியிருக்கு. உங்களுக்கு?"

முதலாளி கையை நீட்டி ஜாக்கெட்டை வாங்கினார்.

விளம்பரப் படத்தில் பட்டுச் சட்டை தெரியாது. ஜாக்கெட் தெரியும், கயிறு தெரியும். மறுமுனை யார் கையில் என்பது ஊருக்கே தெரியும்.