ரத்தம் ஒட்டாத கத்தி

பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டறையில் அறுவைக் கத்தி தீட்டும் அல்லிமுத்து, ரத்தம் ஒட்டாத ஒரு பூச்சைக் கண்டுபிடித்தாள். பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவை மருத்துவர் அவளைப் புகழப் புகழ, பரப்பு இயற்பியல் பேராசிரியர் வேதகிரிக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாக அவர் தேடியது அதைத்தான். "பூச்சு என்னுடையது. நான் சொன்னபடி இவள் தடவினாள், அவ்வளவுதான்" என்று புகார் எழுதினார்.

விசாரிக்க வந்தவர் தத்துவப் பேராசிரியை மரியபுஷ்பம்.

"இவளுக்கு ஒரு சூத்திரம் எழுதத் தெரியுமா? தன்னுடையது என்று இப்போதே நிரூபிக்கட்டும்!" என்றார் வேதகிரி.

"சூத்திரமெல்லாம் எனக்கு வராதுங்கம்மா" என்றாள் அல்லிமுத்து. "நாளைக்கு இந்தக் கத்தி ஒரு நோயாளி வயித்துக்குள்ள போகுது. 'பூச்சு உரிஞ்சா நான்தான் பொறுப்பு'ன்னு ஐயா எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பூச்சு அவரோடதுன்னு நானே ஒத்துக்கறேன்."

வேதகிரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "இவள் அதில் என்னத்தைக் கலந்தாளோ, எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்திவிட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அல்லிமுத்து. முந்நூறு தடவை கொதிக்கவைத்துப் பார்த்த கத்தி அது. மரியபுஷ்பத்திடம் தாளும் பேனாவும் வாங்கி, பூச்சு உரிந்தால் தானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மரியபுஷ்பம் அந்தத் தாளை வேதகிரி பக்கம் நகர்த்தினார்.

"சாட்சிக் கையெழுத்து நீங்கள் போடுங்கள், சார்."