ஆணியில் தொங்கிய பை

தாணுமாலயனுக்குக் கோபம் வந்தால் மடத்துப் பூனைகூட எதிரே வராது. அன்று காலை ஆபீஸ் அறையிலிருந்து அவர் கிளம்பி வந்த வேகத்தைப் பார்த்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் தட்டை நகர்த்தி வழிவிட்டார்கள்.

குரு கோமதியம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தார். வயதில் அவர் தாணுமாலயனுக்குத் தங்கை போலத்தான் இருப்பார். அதனால் சீடரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். சீடர் குருவை அம்மா என்பார்.

"பகல் கொள்ளைம்மா!"

"யாரு?"

"நம்ம ஆஸ்பத்திரி சாப்ட்வேர் கம்பெனிக்காரன். சந்தாவை ஒரேயடியா ரெண்டு மடங்கா ஏத்திட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா பூட்டிருவானாம்."

மடம் ஓர் இலவச ஆஸ்பத்திரி நடத்தியது. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வலிப்பு நோயாளிகள் வருவார்கள். யாருக்கு எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது குறைத்தது என்பதெல்லாம் அந்த மென்பொருளுக்குள்தான் இருந்தது. அளவு பிசகினால் ஆள் நடுரோட்டில் விழுவான். சந்தாவைக் கட்டினால் மாத்திரை வாங்க வைத்திருந்த பணம் காலி. கட்டாவிட்டால் யாருக்கு என்ன மாத்திரை என்றே தெரியாது.

"வருஷா வருஷம் ஏத்திக்கிட்டேதான் வாரான். நானும் போனாப் போகுதுன்னு கட்டினேன். இப்போ கழுத்துலயே கையை வச்சுட்டான். இனிமே இப்படி ஏத்தினா தாங்குறதுக்கு நாம என்னம்மா செய்யணும்? அதைச் சொல்லுங்க."

"உள்ள இருக்கிற விவரத்தை நம்ம கைக்கு எடுக்க முடியாதா?"

"முடியும்னுதான் சேரும்போது சொன்னான்."

"எடுத்துப் பார்த்தீங்களா?"

"தோணலைம்மா. நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"இப்போ எடுங்க."

"ஒரு மாசம் ஆகும்னு சொல்லுதான், படுபாவி!"

கோமதியம்மாள் சேலையை முறுக்கிப் பிழிந்தார். அவர் முகமும் சிவந்துவிட்டது. கம்பெனிக்காரன்மேல் வந்த கோபம் என்று நினைத்துத் தாணுமாலயனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வேற ஒரு கம்பெனி பார்த்து வச்சிருக்கேன். முதல் வருஷம் இலவசமாம். பேசின தம்பி தங்கமானவன்."

"பழைய கம்பெனித் தம்பி எப்படி?"

"அவனும் தங்கமாத்தான் பேசினான். ஒவ்வொரு வருஷமும் சந்தா முடியுறதுக்கு முன்னால போன் பண்ணுவான். மழை பெஞ்சுதான்னு விசாரிப்பான். வேற எங்கயாவது போற யோசனை இருக்கா சார்னு கேப்பான். நம்ம மேல அவ்வளவு அக்கறை!"

குரு சேலையைக் கொடியில் போட்டார்.

"இன்னைக்குப் பௌர்ணமி. பஸ் வர்ற நேரம். வாங்க."

தாணுமாலயனுக்குத் தலைக்கேறியது. தான் கேட்டது என்ன, குரு சொல்வது என்ன!

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் சுவரில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு துணிப்பை. பையில் மாற்றுத்துணியும், ஊருக்குத் திரும்ப பஸ் காசும் எப்போதும் இருக்க வேண்டும். பௌர்ணமிதோறும் குரு உட்பட எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய் நிற்பார்கள். பஸ் வந்ததும் போக நினைப்பவர் ஏறிக்கொள்ளலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. மற்றவர்கள் திரும்பி வந்து பையை மாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். தாணுமாலயன் ஆபீஸ் வேலையைச் சாக்குச் சொல்லி எப்போதோ இதற்கு முழுக்குப் போட்டிருந்தார். வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்கிற கூத்து என்பது அவர் எண்ணம்.

வாசலில் எல்லோரும் பையோடு நின்றிருந்தார்கள். குரு முதல் ஆணியிலிருந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பிறகு தாணுமாலயனின் பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டிக் கீழே போட்டார். அறுந்துபோன சார்ஜர் வயர் ஒன்றும், ஒரு கரப்பான்பூச்சியும் விழுந்தன.

"வேட்டி எங்க?"

"எடுத்துக் கட்டிக்கிட்டேன்."

"பஸ் காசு?"

"டீ குடிச்சேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தாணுமாலயன் வெடித்துவிட்டார்.

"அங்க மாத்திரைக்கு வழியில்லாம நான் செத்துக்கிட்டிருக்கேன். நீங்க என் பையைக் கொட்டி வேடிக்கை காட்டுறீங்களா? எனக்கு எதுக்கும்மா பை? இந்த இடத்தை விட்டு நான் எங்க போகப் போறேன்?"

கோமதியம்மாளின் குரல் உயரவில்லை. ஆனால் அவருக்கு அவ்வளவு கோபம் வந்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"போற யோசனை இருக்கான்னு அந்தத் தம்பி வருஷா வருஷம் போன்ல கேட்டப்போ, அவன்கிட்டயும் இதையேதான் சொன்னீங்களா, அண்ணாச்சி?"

சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மற்றவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். தாணுமாலயன் குனிந்து, கீழே கிடந்த பையை எடுத்து உதறினார்.